நகல்: மேனேஜர், மேனேஜரோட மேனேஜர் மற்றும் பலர்

பொட்டி தட்டுற மக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டர்தான் இது. ஆனா உக்காந்து யாரும் பேசினதா ஞாபகம் இல்லை. மெயில்ல 'டூ'வுக்குக் கீழ ஒரு சின்னக் கட்டம் இருக்கே, சிசின்னு... அதுல யார் பேரைப் போடணும், யார் பேரைப் போடக்கூடாது, எப்பப் போடணும்? ப்ரோக்ராம் எழுத மாசக்கணக்குல ட்ரெயினிங் கொடுக்குற கம்பெனிங்க இதுக்கு ஆறு நிமிஷம் கூட ஒதுக்குறதில்லை. ஆனா நான் பார்த்த ஆஃபீஸ் சண்டைகள்ல நிறைய இந்தக் கட்டத்துக்குள்ள இருந்துதான் கிளம்பியிருக்கு.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். சிசிங்கிறது தகவல் சொல்ற இடம். அதை மிரட்டுற இடமா மாத்தினா வேலையும் நடக்காது, கூட வேலை பாக்குறவங்களும் வாயை மூடிக்குவாங்க. பத்து பேருக்கு நகல் போட்ட மெயிலை விட, ஒரே ஒருத்தரைப் பேர் சொல்லிக் கேட்ட மெயிலுக்குத்தான் சீக்கிரம் பதில் வரும். இதை நான் எந்தக் கார்ப்பரேட்டுலயும் கத்துக்கலை. எங்க ஊர் தம்மம்பட்டியில மனு எழுதுறவங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டது.

பள்ளிக்கூடத்துல நமக்கு லெட்டர் எழுதச் சொல்லித் தந்தாங்க இல்லையா? அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு, அப்புறம் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி. தெருவிளக்கு வேணும், நூலகம் வேணும்னு கலெக்டருக்கு எழுதி எழுதியே மார்க் வாங்கினோம். (அந்தத் தெருவிளக்கெல்லாம் எரிஞ்சிருந்தா தமிழ்நாட்டுல ராத்திரியே இருந்திருக்காது!) ஆனா கீழ 'நகல்'னு ஒண்ணு வரும்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அது ஊர்ல கத்துக்குற பாடம்.

ஒரு பட்டா மாறுதல் இழுத்தடிக்குதுன்னு வைங்க. எங்க ஊருக்கு மனு போக வேண்டிய இடம் கெங்கவல்லி தாசில்தார் ஆபீஸ். ஆனா மனுவோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. நகல்: ஒண்ணு, வருவாய்க் கோட்டாட்சியர், ஆத்தூர். ரெண்டு, மாவட்ட ஆட்சித் தலைவர், சேலம். மூணு, வருவாய் நிர்வாக ஆணையர், சென்னை. நாலு, மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் தனிப்பிரிவு. இதோட நிறுத்தினா அவரு சாதுவான மனுஷன். கோவக்காரரா இருந்தா மனித உரிமை ஆணையம், கவர்னர், ஜனாதிபதின்னு டெல்லி வரைக்கும் போயிடுவாரு. "பெருசு, உங்க பட்டாவுக்கு ஜனாதிபதி என்ன பண்ணப் போறாரு"ன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, பேரைப் பாத்தா ஒரு பயம் இருக்குமில்ல"ன்னாரு.

அந்த 'ஒரு பயம்' இருக்கே, அதுதான் இந்தப் பதிவோட மொத்த விஷயமும்.

அந்த நகலுக்கெல்லாம் என்ன ஆகும்? சென்னைக்குப் போனது ஒரு எண் வாங்கிக்கிட்டு சேலம் கலெக்டர் ஆபீசுக்குத் திரும்பி வரும். (2021-ல தனிப்பிரிவு, ஹெல்ப்லைன் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து 'முதல்வரின் முகவரி'ன்னு துறையே ஆக்குனாங்க. எண் வாங்குறதும் நிலவரம் பாக்குறதும் சுலபமாச்சு, ஆனா போற ரூட் அதேதான்.) சேலத்துல இருந்து ஆத்தூர், ஆத்தூர்ல இருந்து கெங்கவல்லி, அங்கருந்து வருவாய் ஆய்வாளர், கடைசியில எங்க ஊர் வி.ஏ.ஓ. மேசை. யார் வேலை செய்யலைன்னு மனு எழுதினோமோ அவர்கிட்டயே 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்'. நாலு நகல் போட்டா நாலும் வேற வேற தேதியில அதே மேசைக்கு வந்து விழும். நாலுக்கும் தனித்தனியா அறிக்கை எழுதணும். அந்த மனுஷனுக்கு வேலை செய்ய இருந்த நேரமும் அறிக்கை எழுதுறதுல போயிரும். சில சமயம் மேல இருந்து வந்த தாளுக்குப் பயந்து வேலை நடந்துருக்கும், இல்லைன்னு சொல்லலை. அதுக்கப்புறம் அதே ஆபீசுக்கு அடுத்த வேலைக்குப் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும் அந்த நகலோட விலை.

இப்ப இதை நம்ம ஏசி ரூமுக்குக் கொண்டு வாங்க. ஒருத்தர் ஒரு ஃபைல் அனுப்பலை. ரெண்டு நாள் பார்த்துட்டு நம்ம ஆள் மெயில் போடுறாரு, சிசி-யில டேமேஜர், அவருக்கு மேல டைரக்டர். டைரக்டர் ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டு போன்ல அதைப் பாக்குறாரு. என்ன செய்வாரு? 'ப்ளீஸ் செக்'னு ரெண்டே வார்த்தை போட்டு டேமேஜருக்குத் தட்டி விடுவாரு. டேமேஜர் டீம் லீடுக்கு. லீடு, அந்த ஃபைல் அனுப்பாத அதே ஆளுக்கு. சேலம், ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டி! நடுவுல மூணு பேரோட காலை நேரம் போச்சு, ஒருத்தரோட மானம் போச்சு, ஃபைல் மட்டும் இன்னும் வரலை.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் சர்க்கார்லயே இருக்கு. 2005 தகவல் உரிமைச் சட்டம். அதுல மனு ஒரே ஆளுக்குத்தான்: பொதுத் தகவல் அலுவலர். முப்பது நாள் கெடு. காரணமில்லாம தாமதம் பண்ணினா நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரைக்கும் அவர் கையில இருந்தே அபராதம் வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. பதில் வரலைன்னா யாருக்கு மேல்முறையீடுங்கிறதும் சட்டத்துலயே எழுதியிருக்கு. இந்தச் சட்டமும் முழுசா நடக்குதான்னு கேட்டா அது வேற கதை. ஆனா ஜனாதிபதிக்கு நகல் போட்ட மனு அசைக்காத ஃபைலை ஒத்தை ஆளுக்குப் போன பத்து ரூபாய் ஆர்டிஐ மனு அசைச்சதை எங்க ஊர்ப் பக்கமே பார்த்திருக்கேன். ஒருத்தர் பேர், ஒரு கேள்வி, ஒரு தேதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இந்த 'சிசி' எங்கருந்து வந்துச்சு? 'கார்பன் காப்பி'. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' தட்டினவங்களுக்கு விளக்கவே வேணாம். நல்ல தாள் ஒண்ணு, அடியில கார்பன், அதுக்கு அடியில மெல்லிசான தாள், மறுபடி கார்பன், மறுபடி தாள்... எல்லாத்தையும் சீராத் தட்டி உருளையில ஏத்தணும். அஞ்சாவது ஆறாவது நகல்ல எழுத்து பேய் மாதிரி மங்கிப் போயிருக்கும். ஒரு எழுத்து தப்பாத் தட்டினா அத்தனை நகல்லயும் தனித்தனியா அழிக்கணும். அதனால டைப்பிஸ்டே கேட்டுருவாங்க, "சார், இவருக்கு நிஜமாவே வேணுமா?"ன்னு. அதுக்கும் மேல நிறைய வேணும்னா ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுக்கணும், அது தனிப் பொழப்பு. நகலுக்கு ஒரு உழைப்பு இருந்துச்சு, அந்த உழைப்பே ஒரு வடிகட்டி. இன்னைக்கு ஒரு எழுத்து தட்டினா பேர் தானா வந்து நிக்குது. இருபது பேரைச் சேர்க்க இருபது செகண்டு கூட ஆகாது. கேக்க டைப்பிஸ்டும் இல்லை.

'பிசிசி'க்கும் அங்கதான் பிறப்பு. முக்கியமான ஆளுக்குப் போற முதல் தாளை உருளையில இருந்து உருவிட்டு, மிச்ச நகல்ல மட்டும் 'இன்னாருக்கும் அனுப்பப்பட்டது'ன்னு தட்டுவாங்க. முதல் தாள் வாங்குறவருக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் மெயிலுக்கு விதி எழுதினவங்க இதையெல்லாம் அப்படியே தூக்கி வச்சாங்க. 1977 நவம்பர்ல வந்த ஆர்எஃப்சி 733-ங்கிற விதிமுறையிலயே டூ, சிசி, பிசிசி மூணும் இருக்கு.

நம்மாளு சிவா அய்யாதுரை பேரை இங்க சொல்லலைன்னா யாராவது சண்டைக்கு வருவீங்க. தமிழ்க் குடும்பத்துப் பையன், 1978-ல நியூ ஜெர்ஸியில ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக 'இமெயில்'னு பேர் வச்சே ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு, 1982-ல அதுக்கு காப்பிரைட்டும் வாங்கினாரு. ஆபீஸ்ல சுத்துற காகிதக் குறிப்பைப் பார்த்து, அதே சிசி-யோட அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தாரு. பள்ளிக்கூடப் பையனுக்கு அது பெரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனா 'இமெயிலைக் கண்டுபிடிச்சதே நான்தான்'ங்கிற அவரோட வாதத்தை இந்தத் துறை வரலாறு எழுதுறவங்க ஏத்துக்கலை. 1971-லயே ரே டாம்லின்சன் ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு மெயில் அனுப்பிட்டாரு, மேல சொன்ன ஆர்எஃப்சியும் அவருக்கு முந்தினது. நம்மூர் ஆளுங்கிறதுக்காக இதுல கட்சி கட்ட எனக்கு விருப்பமில்லை.

சர்க்கார் கடிதத்தைக் கிண்டல் பண்ணியாச்சு. இப்ப பாராட்டணும். மனுவுல இல்லாத ஒரு ஒழுங்கு ஆபீஸ் கடிதத்துல இருக்கும். ஏதாவது ஒரு செயல்முறை ஆணையோட அடியில பாருங்க. 'பெறுநர்' யாருன்னு இருக்கும். அதுக்குக் கீழ 'நகல்'. அதுல ஒவ்வொரு நகலும் எதுக்குன்னும் எழுதியிருப்பாங்க: இவருக்கு 'தகவலுக்காக', அவருக்கு 'தக்க நடவடிக்கைக்காக', கடைசியா 'இருப்புக் கோப்பு'. பதிவுக்கு வைக்குற நகலுக்குக் கூட ஒரு பேர்! அதே மாதிரி ஒரு ஊழியர் மேல கோரிக்கை அனுப்பினா 'உரிய வழியாக'ன்னு தன் மேலதிகாரி மூலமாத்தான் அனுப்பணும். அவசரம்னா மேலிடத்துக்கு ஒரு 'முன்நகல்' நேரா போகும், ஆனா அது முன்நகல்னு அதுலயே எழுதியிருக்கும். ஒளிவு மறைவு கிடையாது.

நம்ம மெயில்ல அந்த 'எதுக்காக'ங்கிற வார்த்தைக்கு இடமே இல்லை. பேர் மட்டும் வரிசையா நிக்கும். பாக்குறவன்தான் அர்த்தம் பண்ணிக்கணும். டைரக்டர் ஏன் சிசி-யில இருக்காரு? தெரிஞ்சுக்கவா, முடிவு சொல்லவா, இல்லை என்னைப் போட்டுக் கொடுக்கவா? மனுஷ மனசு எப்பவும் மூணாவதைத்தான் எடுத்துக்கும்.

எனக்குச் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி. வீட்டுல முதல் பட்டதாரி. அப்பா மரவள்ளிக்காடு வச்சிருந்தவரு. காலேஜ்ல கேம்பஸ்ல செலக்ட் ஆகி பெங்களூர்ல ஒரு கம்பெனிக்குப் போச்சு. மூணாவது மாசம் ஒரு ரிப்போர்ட்ல ஒரு காலத்துக் கூட்டல் தப்பு. சீனியர் ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சாரு. கண்டுபிடிச்சது தப்பே இல்லை, அவர் வேலை அது. எந்திரிச்சு நாலு சீட்டு நடந்து வந்து சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவரு மெயில் போட்டாரு. சிசி-யில பதினாலு பேர். அதுல க்ளையன்ட் ஆளுங்க ரெண்டு பேர். 'அடிப்படைக் கணக்குல பயிற்சி தேவைன்னு தோணுது'ங்கிற மாதிரி ஒரு வரி வேற.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப அதைச் சொல்லிட்டு அழுதுச்சு. "எனக்கு தப்பு சொன்னது கஷ்டமில்லண்ணா. அந்தப் பதினாலு பேர்ல ஒம்போது பேருக்கு என்னை யாருன்னே தெரியாது. இனிமே என் பேரைப் பாத்தா அவங்களுக்கு இதுதானே ஞாபகம் வரும்"னு கேட்டுச்சு. எனக்கு பதில் சொல்லத் தெரியலை.

ஆனா அதுக்கப்புறம் அது சொன்னதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. அந்த டீம்ல இருந்த சின்னப் பசங்க யாரும் அதுக்கப்புறம் மெயில்ல சந்தேகமே கேக்குறதில்லையாம். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா அது யார் வரைக்கும் போகுமோன்னு பயம். கேண்டீன்ல, போன்ல, பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட கேட்டுக்குவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பெரிய தப்பு நடந்து, "இதை ஏன் யாரும் முன்னாடியே எழுதலை"ன்னு மீட்டிங் போட்டாங்களாம். எழுதியிருப்பாங்களா! ஆளை அவமானப்படுத்த ஒரு சிசி போதும். அதுக்குப் பிறகு அந்த ஆஃபீஸுக்கு உள்ளதைச் சொல்ற மெயில் வராம போறதை எந்தச் சிசி-யாலயும் சரி பண்ண முடியாது.

அப்ப மேலதிகாரி பேரைப் போடவே கூடாதான்னு கேட்டீங்கன்னா, அதுவும் இல்லை. இங்கதான் மேல இருக்குறவன் போடுற சிசி-யையும் கீழ இருக்குறவன் போடுற சிசி-யையும் ஒரே தராசுல வைக்கக் கூடாதுங்கிறேன். லீடு போன்ல "ராத்திரியே ரிலீஸ் பண்ணிரு, டெஸ்ட்டிங்கெல்லாம் வேணாம்"ங்கிறாரு. நாளைக்கு வெடிச்சா "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ம்பாரு. அப்ப 'நீங்க இப்ப போன்ல சொன்னபடி செய்யுறேன்'னு ஒரு மெயில், சிசி-யில ப்ராஜெக்ட் மேனேஜர். இது போட்டுக் கொடுக்குறது இல்லை, தற்காப்பு. கைநாட்டு வைக்குறவன் சாட்சிக்கு ஆள் கூட்டிட்டுப் போற மாதிரி. மனுவுல நகல் போடுற எங்க ஊர்ப் பெருசுகிட்டயும் இந்த நியாயம் இருக்கு. அவருக்கு வேற ஆயுதம் இல்லை. அதனாலதான் அவரைப் பார்த்துச் சிரிச்சாலும் என்னால கோவப்பட முடியலை. கையில அதிகாரமும் வச்சிக்கிட்டு பதினாலு பேரையும் சாட்சிக்குக் கூப்பிடுறவங்க மேலதான் கோவம்.

ஆனா தற்காப்புலயும் ஒரு எச்சரிக்கை. பாலியல் தொல்லை மாதிரி விஷயத்துல புகாரை ஊருக்கெல்லாம் சிசி போட்டா நியாயம் சீக்கிரம் கிடைக்கும்னு கோவத்துல தோணும். 2013 சட்டப்படி அது போக வேண்டிய இடம் உள் புகார்க் குழு. புகார்ல என்ன இருக்கு, யார் கொடுத்தாங்கங்கிறதை வெளியில விடக் கூடாதுன்னு அந்தச் சட்டமே சொல்லுது, கொடுத்தவங்களோட பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். அந்த மெயிலுக்கு பெறுநர் மட்டும் போதும்.

மேல கொண்டு போறதுக்கும் சர்க்கார்ல ஒரு படிக்கட்டு உண்டு. முதல்ல கடிதம். பதில் இல்லையா, நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டு. அதுக்கும் இல்லையா, நேர்முகக் கடிதம். அதாவது ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்குப் பேர் போட்டு 'அன்புள்ள திரு. இன்னார்'னு எழுதுறது. நான் ஆஃபீஸ்ல அதையே வேற மாதிரி செய்யுறேன். முதல் மெயில் அவருக்கு மட்டும். ரெண்டு நாள் கழிச்சு நினைவூட்டு, அதுவும் அவருக்கு மட்டும், தேதி போட்டு. அப்புறம் போன், இல்லைன்னா நேர்ல. அப்பவும் நடக்கலையா, "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா உங்க மேனேஜரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு அவர்கிட்டயே சொல்லிடுவேன். பாதிக்கு மேல அந்த இடத்துலயே முடிஞ்சிரும். முடியலைன்னா சொன்ன மாதிரியே சிசி போடுவேன். அவருக்கு அது முதுகுல வந்த அடியா இருக்காது.

அதே மாதிரி, யாரை எதுக்குச் சேர்த்திருக்கேன்னு மெயிலோட முதல் ரெண்டு வரியில எழுதிடறது. 'செல்வம், இதுல முடிவு நீங்கதான் சொல்லணும். மேனேஜர் சாரைத் தகவலுக்காக மட்டும் சேர்த்திருக்கேன், அவர் பதில் போட வேண்டியதில்லை.' அவ்வளவுதான், அரசாணை அடியில இருக்குற அதே ரெண்டு வார்த்தை. 'டூ'வுல ஒருத்தர். ரெண்டு பேர் இருந்தே ஆகணும்னா யார் எதைச் செய்யணும்னு பேர் போட்டுப் பிரிச்சு எழுதறது. 'டூ'வுல அஞ்சு பேர் இருந்தா அஞ்சு பேருமே மத்த நாலு பேர் பார்த்துக்குவாங்கன்னு இருந்துருவாங்க. கல்யாண வீட்டுல பந்தி பரிமாற ஆள் இருக்கான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டிட்டுக் காணாமப் போற மாதிரி.

பாராட்டு மட்டும் தாராளமா சிசி போடலாம். ஜூனியர் பையன் நல்லா செஞ்சா அவனோட மேனேஜரோட மேனேஜர் வரைக்கும் போடுங்க, காசா பணமா? இதை மட்டும் யாரும் செய்ய மாட்டாங்க, அது ஏன்னு தெரியலை :-)

நடுவுல ஆள் சேர்க்குறதுலயும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு மெயில் இருபது தடவை போய் வந்து நீளமாத் தொங்கிட்டிருக்கும். இருபத்தோராவதுல புதுசா ஒரு க்ளையன்ட்டை சிசி-யில சேர்ப்போம். நாம எழுதினது ரெண்டு வரி. ஆனா அடியில 'இந்தாளு ரேட்டுல ரொம்பப் படுத்துறாரு'ங்கிற மூணாவது மெயிலும் சேர்ந்து போகும். புதுசா யாரையாவது சேர்த்தா அடிவரைக்கும் ஒரு தடவை உருட்டிப் பார்த்துடறது நல்லது. முடிஞ்சா புது மெயிலே போட்டுடலாம்.

பிசிசி பத்தி என் கருத்து கொஞ்சம் கறார். யாருக்கும் தெரியாம மேனேஜரை பிசிசி-யில உக்கார வச்சு இன்னொருத்தர்கிட்ட மெயில்ல வாயைப் பிடுங்குறது, கதவுக்குப் பின்னாடி ஆளை நிறுத்தி வச்சுப் பேச்சுக் கொடுக்குறதுதான். அதுல தொழில்நுட்ப ஆப்பும் இருக்கு. பிசிசி-யில இருக்குறவரு அவசரத்துல 'ரிப்ளை ஆல்' அமுக்கிட்டா, ஒளிஞ்சிருந்தவரு தானே கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்த கதைதான். ஒரு நல்ல பழக்கத்துக்கு மட்டும் பிசிசி உதவும்: ஒருத்தர் நம்மளை இன்னொருத்தருக்கு அறிமுகப்படுத்தி மெயில் போட்டாருன்னா, 'அண்ணே ரொம்ப நன்றி, உங்களை பிசிசி-க்கு மாத்திட்டேன்'னு வெளிப்படையா எழுதி மாத்திடலாம். நம்ம அடுத்த பத்து மெயில் அவர் பொட்டியை அடைக்காது.

மத்தபடி பிசிசி-யோட நிஜமான வேலை மறைக்குறது இல்லை, காப்பாத்துறது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாத நிறைய பேருக்கு ஒரே மெயில் போகும்போது அவங்க விலாசம் மத்தவங்க கண்ணுல படாம பாக்குறது. இதை லேசா எடுத்துக்குறவங்களுக்கு ரெண்டு சம்பவம் சொல்றேன். 2015 செப்டம்பர்ல லண்டன்ல 56 டீன் ஸ்ட்ரீட்ங்கிற மருத்துவமனை, எச்.ஐ.வி. சம்பந்தமான ஒரு செய்தி மடலை 781 பேருக்கு அனுப்புச்சு. பிசிசி-க்குப் பதிலா எல்லா விலாசமும் 'டூ'வுல. அதுல 730 விலாசத்துல முழுப் பேரும் இருந்துச்சு. அடுத்த வருஷம் 1,80,000 பவுண்டு அபராதம். பணம் கட்டிடலாம். வெளிய தெரிஞ்ச பேரை எப்படித் திருப்பி எடுக்குறது?

இன்னொண்ணு இதை விட மோசம். 2021 செப்டம்பர்ல, தாலிபான் காபூலைப் பிடிச்ச அடுத்த மாசம், பிரிட்டன் ராணுவ அமைச்சகம் தங்களுக்கு வேலை பார்த்த ஆப்கான்காரங்களுக்கு, வெளிய வர உதவி கேட்டவங்களுக்கு, மெயில் அனுப்புச்சு. இங்கயும் எல்லார் விலாசமும் 'டூ'வுல. அதே மாசம் இந்த மாதிரி போன மெயில்கள்ல மொத்தம் 265 பேரோட விலாசம் வெளியாச்சு. அதுல ரெண்டு பேர் ரிப்ளை ஆல் போட்டாங்க, அதுல ஒருத்தர் தான் இருக்குற இடத்தையே எழுதிட்டாரு. அந்தப் பட்டியல் தாலிபான் கையில கிடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்துன்னு அங்க தகவல் ஆணையரே சொன்னாரு. 2023 டிசம்பர்ல 3,50,000 பவுண்டு அபராதம். ஒரு கட்டம் மாறினதுக்கு!

நம்ம நாட்டுலயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியாச்சு, அதிகபட்ச அபராதம் 250 கோடி வரைக்கும் போட்டிருக்காங்க. ஆனா சட்டத்துக்கு முன்னாடியே பொழப்பு அடிபடும். தம்மம்பட்டின்னாலே வெளியூர்க்காரங்களுக்கு மரச்சிற்பம்தான். தூங்குமூஞ்சி மரத்துல பிள்ளையார், தசாவதாரம், பூஜை ரூம் கதவு, கோயில் வாகனம்னு செதுக்குற பட்டறைங்க. அதுல எனக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறைக்கார அண்ணன், சென்னை, மாமல்லபுரம், சிங்கப்பூர், மலேசியான்னு இருபது வருஷமா சேத்த வாடிக்கை. ஒரு தீபாவளிக்கு வாழ்த்தும் புது விலைப் பட்டியலும் அனுப்பச் சொல்லி காலேஜ் படிக்கிற அக்கா பையன்கிட்ட கொடுத்தாரு. அவன் அறுபது பேரையும் சிசி-யில போட்டு ஒரே அமுக்கு.

ஒரு வாரத்துல அதே அறுபது பேருக்கும் வேற ஊர் ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட இருந்து கம்மி விலையில கொட்டேஷன் போயிடுச்சு. அறுபதுல யாரோ ஒருத்தர் அந்த லிஸ்ட்டைக் கொடுத்திருக்காரு. அது போதாதுன்னு பழைய கடைக்காரர் ஒருத்தர் போன் பண்ணி, "என் பேரை ஏன்யா ஊருக்கெல்லாம் தண்டோரா போட்ட"ன்னு சத்தம். "தம்பி, உளி போனா வாங்கிக்கலாம், இது போனா எங்க போய் வாங்க"ன்னு அண்ணன் என்கிட்ட கேட்டப்ப அவர் குரலே மாறிப் போச்சு. பையன் மேல கோவிச்சு என்ன பண்றது? அவனுக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கொடுத்தாங்க?

இப்ப அவங்க பட்டறையில பிசிசி கூட இல்லை. பிசிசி-யை நம்பினா என்னைக்காவது கை தவறி சிசி-யில விழும். ஒரு எக்செல் தாள்ல பேரும் விலாசமும் போட்டு, மெயில் மெர்ஜ்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மெயிலாப் போகுது. மேல அவங்க பேர், கீழ அண்ணன் பேர். சிங்கப்பூர்ல இருந்து ஒரு கோயில்காரரு, "எனக்குன்னு தனியா எழுதியிருந்தீங்க, சந்தோஷம்"னு பதில் போட்டு ரெண்டு துவாரபாலகருக்கு ஆர்டர் கொடுத்திருக்காரு. அளவு கேட்டு அண்ணன் நேத்து பதில் அனுப்பினாரு, சிசி-யில யாருமே இல்லாம.